நிலோஜினி விழும் நாட்கள்

நிலோஜினி முதன்முதலாக விழுந்தது 1993ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஓல்டன் நகரத்தில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த மூன்றாம் மாடி வீட்டின் குசினியில். நெற்றி புடைத்தது ஒரு கிலோமீற்றர் தள்ளிப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் தினேசனுக்கு. அவளுக்கு அப்போது பதின்மூன்று மாதம், அவனுக்குப் பத்து வயது. மேசை விளிம்பில் தலை இடித்த பிள்ளை சத்தமில்லாமல் விழுந்தது, சத்தமில்லாமல் எழுந்தது, தாயைப் பார்த்துச் சிரித்தது. இடிபட்ட சத்தம் வகுப்பறையில் கேட்டது. ஆசிரியை திரும்பிப் பார்த்தபோது தினேசன் கதிரையில் நேராக இருந்தபடி நெற்றியைப் பொத்திக்கொண்டிருந்தான். விரல்களுக்கிடையில் புடைப்பு ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் மகன் தலையை மேசையில் மோதுகிறான் என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. அந்த வருடம் மட்டும் அப்படிப் பதினேழு கடிதங்கள் வந்தன. நிலோஜினி நடை பழகிய வருடம் அது.

தினேசன் விஷயத்தைக் கண்டுபிடிக்க ஐந்து வருடம் எடுத்தது. ஆறு வயது நிலோஜினி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஜூரா மலைச்சரிவில் சறுக்குவண்டி ஓட்டப் போன அன்று, வேறொரு கட்டடத்தில் வரைபடம் கீறிக்கொண்டிருந்த தினேசனின் மணிக்கட்டு பதினொன்று இருபதுக்கு முறிந்தது. மாலையில் தங்கை, வண்டி மரத்தில் மோதியதையும், தான் உருண்டு போனதையும், மணிக்கூண்டில் அப்போது மணி எத்தனை என்பதையும் கைதட்டிச் சொன்னாள். அவளில் ஒரு கீறல் இல்லை. அவன் குசினிக்குப் போய்த் தாயிடம் சொன்னான். தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“எனக்கு எப்பவோ தெரியும். அவளுக்குச் சொல்லிப்போடாதை. சொன்னா பிள்ளை நடக்கவே பயப்படும்.”

“அப்ப நான்?”

“நீ ஆம்பிளைப் பிள்ளை தானே,” என்றாள் தாய்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் தாய் இறக்கும்வரை இதைப்பற்றி அந்த வீட்டில் வேறு பேச்சு நடக்கவில்லை. தகப்பன் அதற்கு முன்பே போய்விட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது.

விழுந்தால் நோகும் என்பது நிலோஜினிக்குக் காதால் கேட்ட சங்கதி. மற்றப் பிள்ளைகள் விழுந்து அழுவதை அவள் ஒரு பழக்கம் என்று நினைத்தாள், சிலர் கும்பிடுவதுபோல, சிலர் விசிலடிப்பதுபோல. மதில் ஏறினாள், கூரையில் நடந்தாள், ஆற்றுப்பாலத்தின் கைப்பிடியில் சைக்கிள் ஓட்டினாள். வளர்ந்தபின் துன் நகரத்தில் ஏரியைப் பார்த்த ஒரு ஹோட்டலில் உணவு பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாயிரத்துப் பதினாறு ஐப்பசியில் ஒரு மத்தியானம், நிறைந்த சூப்புச் சட்டியோடு மேல்மாடியிலிருந்து இறங்கும்போது கால் இடறி இருபத்திரண்டு படிகள் உருண்டாள். சாப்பாட்டு மண்டபத்தில் இருந்த முப்பது பேரும் அதைப் பார்த்தார்கள், ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை. சட்டியை அவள் விடவில்லை, சூப்பில் ஒரு துளி சிந்தவில்லை. அடிப்படியில் எழுந்து நின்று, படிக்கட்டைத் திரும்பிப் பார்த்து, அதற்கு நோகடித்துவிட்டதுபோல மெல்லத் தலைகுனிந்து, “எக்ஸ்கூசி” என்று மன்னிப்புக் கேட்டாள். யன்னலோர மேசையில் இருந்த ஒரு பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் துடைத்தாள். அவளுடைய பெயர் உர்சினா. பழைய இராணுவக் குதிரை லாயம் ஒன்றில், கையால் சுற்றும் கமெராவில், வசனமில்லாத கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுப்பவள். இந்தக் காலத்தில் அப்படிப் படம் எடுப்பவர்கள் அந்த நாட்டில் மூன்று பேர் இருந்தார்கள், மற்ற இருவரோடும் அவளுக்குக் கோபம்.

ஏழு வருடத்தில் ஒன்பது படங்கள். எல்லாவற்றிலும் நிலோஜினி ஒரே ஆள்தான்: வெள்ளை ஏப்ரன் கட்டிய, பெயரில்லாத ஒரு பணிப்பெண்; யாருக்கோ எதையோ கொண்டுபோகிறாள், ஒருபோதும் சரியான வாசலால் போவதில்லை. அவள் விழாத இடம் இல்லை. ஏணியிலிருந்து, வைக்கோல் வண்டியிலிருந்து, மலைக்குக் கம்பியில் தொங்கி ஏறும் கேபிள் பெட்டியிலிருந்து, ஒரு மாட்டின் முதுகிலிருந்து. கையில் இருப்பது சிந்தாது. எழுந்ததும் சுவரிடமோ மாட்டிடமோ மன்னிப்புக் கேட்பாள். சனங்கள் அவளை எக்ஸ்கூசி அம்மா என்று கூப்பிட்டார்கள். பேர்னிலும் ரெனானிலும் சின்னத் தியேட்டர்களில் ஒருவர் அக்கோர்டியன் வாசிக்க, படம் ஓடியது. பிறகு கைத்தொலைபேசிகளில் ஓடியது. யப்பானிலிருந்து கடிதம் வந்தது. பொம்பிளைப் பிள்ளை விழுந்து எழும்புறதைப் பாக்கவோ சனம் வரிசையில நிக்குது என்று கேட்ட தமிழ்ச் சனங்கள், அடுத்த படத்துக்குத் தாங்களே வரிசையில் நின்றார்கள். படப்பிடிப்பு நடந்த லாயத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் புதினமாக இருந்தது. நான்கு மீற்றர் உயரத்திலிருந்து அவள் பலகையில் விழுந்தாலும் கமெரா சுற்றும் கிறுகிறுப்புத்தான் கேட்கும். வசனமில்லாத படம்தானே என்று அதை விட்டுவிட்டார்கள்.

சத்தம் ஓல்டனுக்குப் போனது. தினேசன் அங்கே ஒரு பொதி பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தான். கலியாணம் கட்டியிருந்தான், மனைவி கஜலக்சுமி முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர், யாதவி என்று ஒரு மகள். தங்கையின் படங்கள் ஒன்றைக்கூட அவன் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னவர்களிடம் கண் நோ என்றான். நோ கண்ணில் இல்லை. சாப்பிடும்போது, பல் தீட்டும்போது, மகளின் தலைமயிரைப் பின்னும்போது, எந்த நேரத்திலும் தரை இல்லாமல் போகும் என்று உடம்பை இறுக்கி வைத்திருந்தான். நித்திரையிலும் கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்தான். சின்ன வயதில் ஊரில் ஷெல் கூவி வருமுன் ஒரு விநாடி கிடைத்தது, குப்புறப்படுக்க அது போதும். இதற்கு அந்த ஒரு விநாடியும் இல்லை. ஏணியில் ஒரு விலா போனது. வைக்கோல் வண்டியில் இரண்டு பல். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் வேலைத்தலத்துக் கண்காணிப்புக் கமெராவில் அவன் பதிவானான்: சமதரையில் தனியாக நிற்கும் ஒரு மனிதன், யாரும் தொடாமல், இல்லாத படிக்கட்டு ஒன்றில் உருண்டு உருண்டு பன்னிரண்டு மீற்றர் போய்ப் பொதிகளுக்குள் புதைகிறான். குடித்திருக்கிறானா என்று பார்த்தார்கள், இல்லை. வலிப்பா என்று தலைக்குள் படம் பிடித்தார்கள், அதுவும் இல்லை. ஒரு பெயர் சொல்ல முடியாத வருத்தம் உள்ளவனை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கவிட முடியாது என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதற்கடுத்த கிழமை கேபிள் பெட்டிப் படம் எடுத்தார்கள். தினேசனை அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் அவன் முதுகைப் பார்த்த டொக்டர், வரிவரியாக ஒரே அகலத்தில் கிடந்த பழைய தழும்புகளையும் புதியவற்றையும் எண்ணிவிட்டு, கஜலக்சுமியை வேறு அறைக்குக் கூட்டிப்போய், வீட்டில் எல்லாம் சுகமா என்று கேட்டார். அவள் சுகம் என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் மாகாணப் பொலிசிலிருந்து இருவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி தமிழ்ப் பிள்ளை, இங்கேயே பிறந்தவள், பவதாரணி என்று பெயர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

“அக்கா, நான் உங்களைக் குற்றம் சொல்ல வரேல்லை. கேக்க வேணும், கேக்கிறன். இவருக்கு நீங்கள் அடிக்கிறனீங்களோ?”

கஜலக்சுமி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். “நான் வேலையில எண்பது தொண்ணூறு வயசு ஆக்களைத் தூக்கித் திருப்பிறனான். ஒருத்தருக்கும் ஒரு நகக்கீறல் பட்டதில்லை. இவரை நான் அடிப்பனோ?”

“அப்ப ஆர் அக்கா?”

அவள் தினேசனைப் பார்த்தாள். தினேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு, விழுந்தனான் என்று மட்டும் சொன்னான். எல்லா அடிபட்டவர்களும் சொல்வது அதுதான் என்று பவதாரணிக்குத் தெரியும். விசாரணை திறந்தபடியே இருந்தது. அடுத்த வருடம் செய்தி முதியோர் இல்லத்துக்குப் போனது. முடிவு வரும்வரை கஜலக்சுமி முதியவர்களுக்குப் பக்கத்தில் போகக்கூடாது, கீழ்த்தளத்தில் துணி மடிக்கலாம் என்றார்கள். பதினொரு வருடம் அவள் கையைப் பிடித்துச் சாப்பிட்ட ஒரு கிழவர், வேறு கையில் சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாராம். அதைக் கேட்டுவிட்டு அவள் வீட்டுக்கு வந்து, யாதவிக்கு முன்னால் அழக்கூடாது என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்றைக்குத்தான் தினேசன் உண்மையைச் சொன்னான்.

அவள் நம்பவில்லை. அவனுடைய காயங்களின் திகதிகளை ஒரு தாளில் எழுதினாள், உர்சினாவின் லாயத்துக்குத் தொலைபேசி எடுத்துப் படம் எடுத்த திகதிகளைக் கேட்டாள். உர்சினா நிமிடக் கணக்கோடு வைத்திருந்தாள். கஜலக்சுமி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு துன் போகும் ரயிலில் ஏறினாள்.

லாயத்தில் பத்தாவது படம் முடியும் தறுவாயில் இருந்தது. நிலோஜினி ஏப்ரனோடு ஓடிவந்து அண்ணியைக் கட்டிப்பிடிக்கப் போனாள். கஜலக்சுமி ஓரடி பின்னால் வைத்தாள்.

“நீ விழேக்க உனக்கு நோகிறேல்லையோ?”

“இல்லை அண்ணி. எனக்கு ஒருநாளும் நொந்ததில்லை. ஏன்?”

“உன்ர கொண்ணனுக்கு நோகுது.”

தாளை நீட்டினாள். நிலோஜினி வாசித்தாள், சிரிக்க முயன்றாள், பிறகு முழுவதையும் இன்னொரு தரம் வாசித்தாள். ஒருவரும் தடுக்குமுன் தன் கைத்தொலைபேசியில் வீடியோ அழைப்பு எடுத்தாள். தினேசன் ஓல்டனில் யன்னலுக்குப் பக்கத்தில் நின்றபடி, என்னடி என்று கேட்டான். அவள் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, நின்ற நிலையிலேயே முழங்காலை மடித்துத் தரையில் விழுந்தாள். லாயத்தில் எந்த ஒலியும் இல்லை. போனுக்குள்ளிருந்து தட் என்று கேட்டது. திரையில் அண்ணன் இல்லை, யன்னல் மட்டும் இருந்தது. பிறகு அவனுடைய கை மெல்ல வந்து யன்னல் விளிம்பைப் பிடித்தது. முப்பத்தொரு வயதில் நிலோஜினி தான் விழும் சத்தத்தை முதன்முறையாகக் கேட்டாள்.

அன்றோடு அவள் விழுவதை விட்டாள். படம் கடைசிக் காட்சி இல்லாமல் நின்றது. நிலோஜினி கைப்பிடி இல்லாத படியில் ஏறவில்லை, குதி உயர்ந்த சப்பாத்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள், குளிக்கும்போது குந்தியிருந்து குளித்தாள். வெளியே போவதற்கு முன் அண்ணனுக்கு அழைப்பு எடுத்தாள்: இப்ப படி இறங்கிறன், இப்ப றோட்டைக் கடக்கிறன், இப்ப பஸ்ஸில ஏறுறன். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் தினேசன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முன்பு எந்நேரமும் உள்ளே கிடந்த பயம் இப்போது நேர அட்டவணை போட்டும் வந்தது. தாய் சொன்னது சரியாகவே நடந்தது.

தை மாதம் பத்தொன்பதாம் திகதி காலை, துன் ரயில் நிலையத்துக்கு முன்னால் உறைந்து கிடந்த தண்ணீரில் அவள் வழுக்கினாள். அழைப்பு எடுக்க நேரம் இருக்கவில்லை. ஓல்டனில் தினேசன் யாதவியைச் சைக்கிளின் பின்னிருக்கையில் வைத்துப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். அவனை ஏதோ ஒன்று இருக்கையிலிருந்து பிடுங்கித் தெருவில் மல்லாக்க அடித்தது, தோள் எலும்பு முறிந்தது. சைக்கிள் பிள்ளையோடு ஆறு மீற்றர் தனியே ஓடிச் சந்தியில் சாய்ந்தது. பால் லொறி ஒன்று பிரேக் அடித்து, பிள்ளையின் ஹெல்மெட்டுக்கும் தன் சில்லுக்கும் இடையில் ஒரு கை நீளம் விட்டு நின்றது. யாதவிக்கு ஒன்றுமில்லை. லொறிக்காரர்தான் இறங்கி வீதியோரத்தில் இருந்து வாந்தி எடுத்தார்.

தோளில் கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில் தினேசன் யோசித்தான். பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஓல்டன் தியேட்டரில் தங்கையின் பழைய படங்களைத் தொடர்ந்து போடுகிறார்கள் என்று அறிந்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு போனான். கஜலக்சுமி போக விரும்பவில்லை, ஆனால் தனியே விடப் பயம். முதல் படத்தில் அவன் கதிரைக் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தான். ஏணி வந்தது. “இது விலா,” என்று முணுமுணுத்தான். வைக்கோல் வண்டி. “இது பல்லு.” சுற்றிவர இருநூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது படத்தில், பணிப்பெண் ஒரு தட்டு நிறைய முட்டையோடு மொட்டைமாடியிலிருந்து புறப்பட்டு, கொடிக்கயிறு, குடை, குதிரை என்று ஒவ்வொன்றாகத் தட்டி விழுந்து, கடைசியில் ஒரு முட்டையும் உடையாமல் மேசைக்கு வந்து சேர்ந்தாள். தினேசன் வாயைத் திறந்தபடி பார்த்தான்.

“நான் இவ்வளவு வடிவாவே விழுந்தனான்?” என்று மனைவியிடம் கேட்டான்.

கஜலக்சுமி கோபத்தில் திரும்பினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், உடைந்த தோள் குலுங்க, நோவில் கண் கலங்க. கலியாணம் கட்டிப் பத்து வருடத்தில் அவனை இப்படி உடம்பைத் தளர்த்தி அவள் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் தியேட்டர் வாசலில் நின்றே தங்கைக்கு அழைப்பு எடுத்தான்.

“அந்தக் கடைசிக் காட்சி என்ன?”

“வேண்டாம் அண்ணா.”

“என்னெண்டு கேட்டனான்.”

“சேர்ச்சுக்கு ஏறுற கூரைபோட்ட மரப்படி. மேல இருந்து கீழ மட்டும். எழுபத்திரண்டு படி.”

“விழு.”

“உங்களுக்கு விசரே?”

“நோ பெரிசில்லையடி. நோ எனக்குப் பழக்கம். எப்ப வரும் எண்டு தெரியாமல் முப்பது வருசம் நிண்டதுதான் என்னைத் திண்டது. நீ விழாட்டியும் வழுக்குவாய், ஆர்தான் வழுக்காமல் இருக்கினம்? விழுறதை நேரம் சொல்லி விழு. நான் படுத்திருக்கிறன்.”

கஜலக்சுமி போனைப் பறித்தாள். அவளிடம் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் டொக்டர் இருக்கவேண்டும், பொலிசும் இருக்கவேண்டும். யார் அடிக்கிறது என்று அவர்கள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும்.

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று குறித்தார்கள், காலை பத்து நாற்பது. வரவேற்பறைத் தளபாடங்களை அறைகளுக்குள் தள்ளி, தரையிலும் சுவர்களிலும் பதினொரு மெத்தை போட்டார்கள். ஆறு மெத்தை அயலட்டைத் தமிழ் வீடுகளிலிருந்து வந்தவை. தினேசன் மூன்று குளிர்சட்டை, மோட்டார்சைக்கிள் ஹெல்மெட், பல்லுக்கு ரப்பர் எல்லாம் போட்டு நடுவில் மல்லாக்கப் படுத்தான். குடும்ப டொக்டர் வாசல் நிலையோடு ஒட்டி நின்றார். பவதாரணி சீருடையில், காலுறையோடு, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். கஜலக்சுமி போனைக் காதோடு வைத்திருந்தாள். துன்னில் மேற்படியில் நிலோஜினி சூப்புச் சட்டியோடு நின்றாள், உர்சினா கமெராவின் கைபிடியில் கை வைத்திருந்தாள், பக்கத்தில் போன் ஒலிபெருக்கியில் கிடந்தது.

பத்து நாற்பதுக்குத் துன்னில் ஒரு பாடசாலை வகுப்பு படியேறி வந்தது. இருபத்தாறு பிள்ளைகள், இருவர் இருவராகக் கை கோர்த்து, மெதுவாக. பத்து ஐம்பதுக்கு முகில் மூடியது. ஓல்டனில் பவதாரணி மணிக்கூட்டைப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் தினேசன் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. பதினொன்றைத் தாண்டி மூன்று நிமிடத்தில் அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியை உயர்த்தினான். “எனக்கு ஒண்டுக்கு வருது.”

“அடக்குங்கோப்பா.”

“ஏலாது.”

அவன் எழுந்து மெத்தைகளுக்கு மேலால் தள்ளாடித் தள்ளாடிப் போனான். அதே கணத்தில் துன்னில் வெயில் எறித்தது, உர்சினா கைபிடியைச் சுற்றத் தொடங்கினாள், நிலோஜினியின் வலது கால் முதல் படியின் விளிம்பைத் தாண்டி வழுக்கியது.

“விழாதை!” என்று கஜலக்சுமி கத்தினாள். “கக்கூசுக்குப் போட்டார்! விழாதை!”

வாழ்க்கையில் ஒருநாளும் விழாமல் இருக்க முயன்றிராத நிலோஜினி அப்போது முயன்றாள். ஒற்றைக் காலில், சட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்பைப் பின்னால் வளைத்து, மற்றக் காலால் காற்றில் படி தேடினாள். முன்னால் சாய்ந்தாள், பின்னால் சாய்ந்தாள், ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். முகத்தில் வியர்வை ஓடியது. பதினொரு விநாடி. உர்சினா சுற்றுவதை நிறுத்தவில்லை. ஓல்டனில் தினேசன் காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி ஓடிவந்து மெத்தையில் பாய்ந்து படுத்து, “ஓம்!” என்று கத்தினான்.

“ஓம்!” என்றாள் கஜலக்சுமி போனுக்குள்.

நிலோஜினி விழுந்தாள். துன்னில் மரப்படியில் ஒரு சருகு விழும் சத்தமும் இல்லை. ஓல்டனில் எழுபத்திரண்டு படியின் சத்தமும் ஒவ்வொன்றாகக் கேட்டது, மரப்படிச் சத்தம். தினேசன் மெத்தையிலிருந்து எழும்பி, சுவரில் பட்டு, திரும்பி, டொக்டரின் காலுக்கிடையால் நடைபாதைக்குள் போய், கதவில் பட்டுத் திரும்பி வந்தான். பவதாரணி எண்ணினாள், நாற்பதுக்குப் பிறகு தமிழில் எண்ணினாள். எழுபத்திரண்டில் அவன் யன்னலுக்குக் கீழே குந்தியபடி வந்து நின்றான். காற்சட்டை முழங்காலில் கிடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, சுவருக்குத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான். கஜலக்சுமி ஒன்றரை வருடமாக அடக்கி வைத்திருந்தது என்னவென்று அவளுக்கே தெரியாது. வெளியே வந்தது சிரிப்பு. மெத்தையில் விழுந்து கிடந்து சிரித்தாள்.

இடது முழங்கையில் கண்டல், இரண்டு விரலில் சுளுக்கு என்று டொக்டர் எழுதினார். காரணம் என்ற இடத்தில், படிக்கட்டு, துன், தங்கை மூலமாக என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். பவதாரணி அதை இணைத்து விசாரணையை மூடினாள். அடுத்த திங்கட்கிழமை கஜலக்சுமி முதியோர் இல்லத்தின் மேல்மாடிக்குத் திரும்பிப் போனாள். வாயை மூடிக்கொண்ட கிழவர் அவளைக் கண்டதும் வாயைத் திறந்தார். பத்தாவது படத்தில் சனங்கள் மிகவும் சிரிப்பது விழுந்ததற்கல்ல, விழாமல் நின்ற அந்தப் பதினொரு விநாடிக்கு. அதன் முடிவில், வசனமோ ஒலியோ இல்லாத அந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலில், ஒலி: தினேசன் என்று வருகிறது. அது பகிடி என்று நினைத்துச் சனங்கள் கைதட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு நிலோஜினி இன்னும் மூன்று படம் முடித்திருக்கிறாள். விழும் நாளும் நேரமும் பத்து நாள் முன்னரே ஓல்டனுக்கு எழுத்தில் வரும். கஜலக்சுமி அதை ஜேர்மன் மொழியில் எழுதி, கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒட்டுவாள்: வியாழன், காலை ஒன்பது முதல் பத்தரை வரை, மூன்றாம் மாடி, விழுதல், வைக்கோல் பரணிலிருந்து, சிரமத்துக்கு மன்னிக்கவும். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஒருமுறை கட்டட நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதினார். நிர்வாகம் விசாரித்து, விழுவதற்குத் தடையில்லை, ஆனால் வீட்டு விதிகளின்படி மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரையும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமைதி காக்கப்படவேண்டும் என்று பதில் போட்டது. அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று துன்னுக்கும் அனுப்பப்பட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நிலோஜினி விழுவதில்லை.